மீண்டவர் காட்டும் வழி

(இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

    

பத்தாண்டு என்பது ஓர் இலக்கிய அமைப்பின் வாழ்வில் சிறிய காலம் அன்று. தொடங்கிய வேகத்திலேயே ஓய்ந்துபோன அமைப்புகள் பலவற்றை நாம் கண்டிருக்கிறோம். திங்கள்தோறும் தவறாது கூடி, ஒருவர் கவிதையை மற்றவர் காய்தல் உவத்தல் இன்றிக் கேட்டு, குறையிருப்பின் முகத்துக்கு நேரே எடுத்துச் சொல்லி, அதன் பின்னும் ஒன்றாக அமர்ந்து தேநீர் அருந்தும் பண்பை இவ்வட்டம் காத்து வந்திருக்கிறது. அதற்காக முதற்கண் என் பாராட்டு.

இவ்விழாவின் பொதுப்பொருளாக 'மலை' என்பதை அமைப்பாளர் தேர்ந்தார். தமிழாசிரியர் ஒருவரை மலையைப் பற்றிப் பேச அழைத்தால், அவர் குறிஞ்சித் திணையின் முதற்பொருளில் தொடங்கி உரிப்பொருளில் முடிப்பார் என்று நீங்கள் எதிர்பார்ப்பது இயல்பே. நானும் அவ்வாறுதான் குறிப்பெடுத்து வந்தேன். காலையில் நடைபெற்ற கவியரங்கம் அக்குறிப்புகளை ஒதுக்கி வைக்கச் செய்துவிட்டது.

பதினொரு கவிஞர்கள் பாடினார்கள். அவற்றுள் மூன்று கவிதைகளில், கால் இழந்த பின்னும் மலையேறிய ஒருவர் வந்து போனார். மூன்றிலும் அவருக்குப் பெயர் இல்லை, ஊர் இல்லை, அவர் ஏறிய மலைக்கும் பெயர் இல்லை. 'அவரே ஏறிவிட்டார், உன்னால் முடியாதா?' என்று நம்மைக் கேட்பதற்காக மட்டுமே அவர் அழைக்கப்பட்டிருந்தார். கேள்வி முடிந்ததும் அவரை அனுப்பிவிட்டோம். கவிதைகளின் ஓசையிலும் கட்டுக்கோப்பிலும் குறை சொல்ல ஒன்றும் இல்லை. எனினும் கேட்டுக்கொண்டிருந்தபோது என் மனத்தில் ஒரு வினா எழுந்தது. முறிந்த உடலோடு ஒருவர் மறுபடி மலைக்குச் செல்லும்போது உண்மையில் நிகழ்வது என்ன?

இவ்வினாவுக்கு விடை தேடுவதே இவ்வுரையின் நோக்கம். என் கருத்தை முன்னரே சொல்லிவிடுகிறேன். முறிவுக்குப் பின் மலைக்குத் திரும்புகின்றவர், விட்ட இடத்திலிருந்து தொடர்கின்றவர் அல்லர். இருக்கின்ற உடலை வைத்துக்கொண்டு வழியை முதலிலிருந்து கற்கின்றவர். அவ்வாறு அவர் கற்ற வழியே அவரிடம் நாம் பெறத்தக்க செல்வம். அவரை வெறும் உவமையாக்கிவிட்டால் அச்செல்வத்தை இழந்துவிடுகிறோம்.

பெரிய புராணத்தில் இருவர்

நம் இலக்கியத்தில் உடல் தேயத் தேய மலையை நோக்கிச் சென்ற இருவரை நீங்கள் அறிவீர்கள். காரைக்கால் அம்மையார், இறைவன் உறையும் கயிலையைக் காலால் மிதித்தல் தகாது என்று தலையால் நடந்து ஏறினார். திருநாவுக்கரசரோ கயிலையைக் காணப் புறப்பட்டுக் காசியையும் கடந்து வடக்கே சென்றார். வழியில் பாதங்கள் தேய்ந்தன. கைகளால் தாவிச் சென்றார், கைகளும் தேய்ந்தன. மார்பால் உந்திச் சென்றார்; மார்பும் சிதைந்தது. பின்னர் உருண்டு சென்றார்.

சேக்கிழார் இந்நிகழ்ச்சியைச் சொல்லும் முறையைக் கவிஞர்களாகிய நீங்கள் எண்ணிப் பார்க்கவேண்டும். 'துன்பம் பல தாங்கிச் சென்றார்' என்று ஒரே வரியில் அவர் கடந்துபோகவில்லை. எந்த உறுப்பு முதலில் பயனற்றுப்போயிற்று, அதன் வேலையை அடுத்து எந்த உறுப்பு ஏற்றுக்கொண்டது என்று ஒவ்வொன்றாகச் சொல்லுகிறார். ஓர் உறுப்பு கைவிட்ட இடத்தில் இன்னோர் உறுப்பு நடக்கக் கற்றுக்கொள்கிறது. பக்தியின் பெருமையை நிறுவ வந்த புலவர், உடலின் கணக்கை விட்டுவிடவில்லை.

அக்கதையின் முடிவும் உங்களுக்குத் தெரியும். முனிவர் வடிவில் வந்த இறைவன் திரும்பிச் செல்லச் சொல்கிறார், நாவுக்கரசர் மறுக்கிறார். அருளால் சிதைந்த உறுப்புகள் முன்போல் அமைகின்றன. பொய்கையில் மூழ்கியவர் திருவையாற்றுக் குளத்தில் எழுகின்றார்; அங்கேயே கயிலைக் காட்சியைப் பெறுகின்றார். அடியவர்க்கு இழந்த உறுப்புகள் திரும்பக் கிடைத்தன. நம் காலத்து மலையேறிகளுக்கு அவ்வாறு கிடைப்பதில்லை. அவர்கள் என்ன செய்தார்கள் என்பதை மூவர் வாழ்விலிருந்து காட்ட விழைகின்றேன்.

இறங்கும்போது முறிந்த கால்கள்

முதலாமவர் டக் ஸ்காட் என்னும் ஆங்கிலேயர். 1975ஆம் ஆண்டு செப்டம்பர் 24ஆம் நாள் டூகல் ஹாஸ்டன் என்பவருடன் எவரெஸ்டின் தென்மேற்குச் சுவர் வழியாக முதன்முதலில் உச்சியை அடைந்தவர். அன்றிரவு உச்சிக்குச் சற்றுக் கீழே, பனியில் தோண்டிய குழியில், உறங்கும் பை கூட இல்லாமல் இருவரும் தங்கிப் பிழைத்தார்கள்.

1977ஆம் ஆண்டு சூலை 13ஆம் நாள், காரகோரம் மலைத்தொடரில் உள்ள 7,285 மீட்டர் உயரமுடைய 'ஆகர்' என்னும் சிகரத்தில் ஸ்காட்டும் கிறிஸ் பானிங்டனும் நின்றார்கள். அச்சிகரத்தில் மனிதர் கால் படுவது அதுவே முதல் முறை. பொழுது சாயத் தொடங்கியதும் கயிற்றில் இறங்க முற்பட்டபோது, பனி படிந்த பாறையில் ஸ்காட்டின் கால் வழுக்கியது. ஊசல் போல வீசப்பட்டு எதிர்ப்பாறையில் மோதினார். இரண்டு கால்களும் கணுக்காலுக்கு மேலே முறிந்தன.

அந்த உயரத்தில் தூக்கிச் செல்வார் யாரும் இலர். நடக்க இயலாது. எனவே முழங்கால்களாலும் கைகளாலும் தவழ்ந்து இறங்கினார். புயல் வீசியது, உணவு தீர்ந்தது, இடையில் பானிங்டனும் விழுந்து விலா எலும்பு முறிந்தார். மோ ஆந்தாயின், கிளைவ் ரோலண்ட் என்னும் தோழர்கள் முன்னே சென்று பனியில் வழி அமைத்துக் கயிறு கட்டித்தர, பல நாள் தவழ்ந்து அடிவாரம் சேர்ந்தார். அச்சிகரத்தில் மீண்டும் ஒரு குழு ஏற 2001ஆம் ஆண்டு வரை காத்திருக்க வேண்டியிருந்தது என்றால், அம்மலையின் கடுமையை நீங்களே உணரலாம்.

எலும்பு கூடிய பின் ஸ்காட் மலையைத் துறக்கவில்லை. 1979ஆம் ஆண்டு மே மாதம், பீட்டர் போர்ட்மன், ஜோ டாஸ்கர் ஆகிய இருவருடன், 8,586 மீட்டர் உயரமுடைய கஞ்சன்ஜங்காவை வடக்கு வழியாக ஏறினார். உயிர்வளிக் குடுவை எதுவும் கொண்டு செல்லவில்லை. 'இரண்டு கால் முறிந்தவர் இரண்டாண்டில் உலகின் மூன்றாம் உயர்ந்த மலையில்' என்று எழுதினால் அழகான செய்தித் தலைப்பாகும். ஆனால் அச்செய்தியில் அந்த முழங்கால்கள் இல்லை. முன்னே சென்று பனியில் வழி அமைத்த இருவரும் இல்லை. ஏறுவதைப் பாடுகின்ற நாம் இறங்குவதைப் பாடுவதில்லை. ஸ்காட்டின் கதையில் உயிர் இருப்பது இறங்கிய நாள்களில்தான்.

கஞ்சன்ஜங்காவைப் பற்றி ஒன்று சொல்லிவிட்டு மேலே செல்கிறேன். 1955ஆம் ஆண்டில் அம்மலையை முதன்முதல் ஏறியோர், சிக்கிம் மன்னருக்கு அளித்த வாக்கைக் காத்து, உச்சியை மிதிக்காமல் சில அடி கீழேயே நின்றனர். பின்வந்தோர் பலரும் அம்மரபைப் போற்றி வருகின்றனர். காலால் மிதித்தல் தகாது என்ற அம்மையாரின் எண்ணம் இமயத்திலும் ஒரு வடிவில் வாழ்கின்றது.

தாமே செய்துகொண்ட பாதங்கள்

இரண்டாமவர் ஹியூ ஹெர் என்னும் அமெரிக்கர். இளமையிலேயே பாறையேற்றத்தில் பெயர் பெற்றவர். 1982ஆம் ஆண்டு சனவரியில், தம் பதினேழாம் வயதில், நியூ ஹாம்ஷயர் மாநிலத்து வாஷிங்டன் மலைக்கு நண்பர் ஒருவருடன் பனிப்பாறை ஏறச் சென்றார். அம்மலையின் உயரம் 1,917 மீட்டர்தான். நம் உதகையின் தொட்டபெட்டாவைவிடத் தாழ்ந்தது. ஆயினும் அதன் காற்று கொடியது. 1934ஆம் ஆண்டில் மணிக்கு 372 கிலோமீட்டர் வேகத்தில் காற்று வீசியதை அங்குப் பதிவு செய்திருக்கிறார்கள். புயலில் வழிதவறிய இளைஞர் இருவரும் மூன்று இரவுகளைப் பனியில் கழித்தனர்.

கடுங்குளிரில் உடல் தன் உயிர்நிலைகளைக் காக்க முற்படும். அதற்காகக் கைகால் நுனிகளுக்குச் செல்லும் குருதியைக் குறைத்துக்கொள்ளும். குருதி செல்லாத தசை உறைந்து மடியும். பனிக்கடி என்பது அதுவே. காப்பாற்றப்பட்டபோது ஹெரின் இரு கால்களும் மீட்க இயலாத நிலையில் இருந்தன. முழங்காலுக்குக் கீழே இரண்டையும் மருத்துவர்கள் நீக்கினர்.

அவர்களைத் தேடிச் சென்ற தொண்டர்களுள் ஆல்பர்ட் டோ என்னும் 28 வயது இளைஞர் ஒருவர் இருந்தார். தேடும் வழியில் பனிச்சரிவில் சிக்கி அவர் உயிரிழந்தார். இதைச் சொல்லாமல் ஹெரின் வெற்றியைச் சொல்வது அறமாகாது. மலையிலிருந்து மீண்டு வருகின்றவர் பெரும்பாலும் யாருக்கோ கடன்பட்டே வருகின்றார்.

மருத்துவமனையில் அவருக்குக் கொடுத்த செயற்கைக் கால்கள் தரையில் நடப்பதற்கு உரியவை. மறுபடி மலையேற இயலாது என்பதே மருத்துவர்களின் கருத்து. ஹெர் பட்டறைக்குச் சென்றார். தமக்கு வேண்டிய பாதங்களைத் தாமே வடிவமைத்துக்கொண்டார். மனிதப் பாதம் நுழைய இயலாத குறுகிய பாறை வெடிப்பில் செருகுவதற்கு ஆப்பு போன்ற பாதம். பனிச்சுவரில் குத்தி நிற்பதற்கு முள் பொருந்திய பாதம். எட்டாத பிடியை எட்டுவதற்கு உயரத்தைக் கூட்டிக் குறைக்கத்தக்க கால். ஓராண்டுக்குள் பாறைக்குத் திரும்பி, முன்பு தம்மால் ஏற முடியாத பாறைகளையும் ஏறினார். இது முறையற்ற வசதி என்று மற்ற மலையேறிகள் சிலர் குறைபட்டதை அவரே பின்னாளில் மேடையில் சொல்லியிருக்கிறார்.

இழந்த பாதத்தைப் போன்ற பாதம் வேண்டும் என்று அவர் தேடிக்கொண்டிருக்கவில்லை என்பதைக் கவனியுங்கள். இந்தப் பாறைக்கு எத்தகைய பாதம் வேண்டும் என்று கேட்டார். இழப்பைப் பார்த்துக்கொண்டிருந்த கண்ணைப் பாறையின்மேல் திருப்பினார். பின்னர் இயற்பியலும் பொறியியலும் கற்று, மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் பேராசிரியராகிச் செயற்கைக் கால்களை ஆராய்வதையே வாழ்நாள் பணியாக்கிக்கொண்டார். 2013ஆம் ஆண்டு பாஸ்டன் நெடுந்தூர ஓட்டத்தில் நிகழ்ந்த குண்டுவெடிப்பில் காலிழந்த நடனக் கலைஞர் ஏட்ரியன் ஹாஸ்லெட்-டேவிஸ், ஹெரின் குழு உருவாக்கிய காலுடன் 2014ஆம் ஆண்டு மேடையேறி ஆடினார். பாறை வெடிப்பில் ஒருவர் கற்ற பாடம் இன்னொருவர்க்கு நடனமாயிற்று.

நாற்பத்து மூன்று ஆண்டுகள்

மூன்றாமவர் சீனாவைச் சேர்ந்த சியா போயு. 1975ஆம் ஆண்டு எவரெஸ்ட் சென்ற சீனக் குழுவில் இருந்தவர். உயரத்தில் புயலில் சிக்கியபோது, உறங்கும் பையை இழந்த திபெத்தியத் தோழர் ஒருவர்க்குத் தம் பையைக் கொடுத்தார். தோழர் பிழைத்தார். சியாவின் இரு பாதங்களும் பனிக்கடிக்கு இரையாயின. 1996ஆம் ஆண்டில் புற்றுநோயின் காரணமாக மீண்டும் அறுவை செய்து, கால்களை முழங்காலுக்குக் கீழே நீக்க நேர்ந்தது.

அவர் 2014இல் எவரெஸ்டின் அடிவாரத்துக்குத் திரும்பினார். அவ்வாண்டு பனிச்சரிவில் நேபாள மலைத் தொழிலாளர் பதினாறு பேர் மாண்டனர், ஏற்றம் நிறுத்தப்பட்டது. 2015இல் சென்றார், நேபாளத்தை உலுக்கிய நிலநடுக்கம் வந்தது. 2016இல் உச்சியை நெருங்கிய நிலையில் புயல் எழுந்தது. அங்கிருந்து அவர் திரும்பி இறங்கினார். உச்சி கைக்கெட்டும் தொலைவில் இருக்க, உடன் வந்தவர் உயிரையும் எண்ணித் திரும்புவது ஏறுவதைவிடக் கடினம் என்பதை மலையறிந்தோர் ஒப்புவர்.

செயற்கைக் காலோடு பனியில் ஏறுவது எத்தகையது என்பதையும் சொல்ல வேண்டும். கணுக்கால் இல்லாததால் தரையின் சாய்வைப் பாதம் உணர்ந்து சொல்லாது. அதை இடுப்பும் தொடையும் உணரக் கற்கவேண்டும். எஞ்சிய காலைப் பொருத்தும் உறைக்குள் தோல் உராய்ந்து புண்ணாகும். நாள் முழுவதும் ஏறும்போது அக்கால் வீங்கவும் சுருங்கவும் செய்யும். காலையில் பொருந்திய உறை மாலையில் பொருந்தாது. எவரெஸ்டின் உச்சியில் காற்றழுத்தம் கடல் மட்டத்தில் உள்ளதில் மூன்றில் ஒரு பங்கே. அத்தகைய இடத்தில் நின்று உறையைச் சரிசெய்துகொண்டு அடுத்த அடியை வைக்கவேண்டும்.

இயற்கை தடுத்தது போதாதென்று சட்டமும் தடுத்தது. 2017ஆம் ஆண்டு டிசம்பரில், இரு கால்களையும் இழந்தோரும் பார்வையற்றோரும் மலையேறுவதைத் தடை செய்து நேபாள அரசு விதி வகுத்தது. விபத்துகளைக் குறைப்பது அதன் நோக்கம் எனப்பட்டது. 2018ஆம் ஆண்டு மார்ச்சில் நேபாள உச்ச நீதிமன்றம் அதற்கு இடைக்காலத் தடை விதித்தது. அவ்வாண்டு மே 14ஆம் நாள், தம் 69ஆம் வயதில், சியா போயு எவரெஸ்டின் உச்சியில் நின்றார். தோழர்க்கு உறங்கும் பையைக் கொடுத்த ஆண்டுக்கும் அந்நாளுக்கும் இடையே நாற்பத்து மூன்று ஆண்டுகள்.

அவ்விதியால் தடைபட்ட மற்றொருவர் ஹரி புத்த மகர். நேபாள மலைக்கிராமத்தில் பிறந்து, பிரித்தானியக் கூர்க்காப் படையில் பணியாற்றி, 2010ஆம் ஆண்டு ஆப்கானிஸ்தானில் கண்ணிவெடியில் இரு கால்களையும் முழங்காலுக்கு மேலே இழந்தவர். முழங்காலே இல்லாதவர்க்கு ஏற்றம் எவ்வளவு கடினம் என்று விளக்க வேண்டியதில்லை. 2023ஆம் ஆண்டு மே 19ஆம் நாள் அவர் எவரெஸ்டை ஏறினார். அவ்வகையில் அவரே முதல்வர். நம் நாட்டு அருணிமா சின்காவை நீங்கள் அறிவீர்கள். கைப்பந்து வீராங்கனையாக இருந்தவர். 2011ஆம் ஆண்டு ஓடும் தொடர்வண்டியிலிருந்து வீழ்ந்து இடக்காலை இழந்து, 2013ஆம் ஆண்டு மே 21ஆம் நாள் எவரெஸ்டை அடைந்தார். அவர் மலைக்குத் திரும்பியவர் அல்லர். முறிவுக்குப் பின்னரே மலையைத் தேடிச் சென்றவர். காலையில் கேட்ட மூன்று கவிதைகளிலும் வந்த பெயரற்றவர், இவர்களுள் யார்? ஒருவர் வாழ்வு மற்றவர் வாழ்வு போன்றது அன்று. பெயரை நீக்கினால் இந்த வேறுபாடுகள் அனைத்தும் போய்விடும்.

ஓவாமலையில் ஒரு பாடம்

இவ்வளவு பெரிய மலைகளைச் சொன்ன பின் என் சிறு குன்றைச் சொல்ல நாணமாகத்தான் இருக்கிறது. எனினும் இப்பொருளில் எனக்கு ஆர்வம் வந்த காரணத்தை நீங்கள் அறியவேண்டும்.

மதுரைக்கு வடகிழக்கே மாங்குளத்தை அடுத்து ஓவாமலை இருக்கிறது. நெடுஞ்செழியன் பெயர் பொறித்த தமிழ்-பிராமிக் கல்வெட்டுகளும் சமணர் கற்படுக்கைகளும் அங்கு உள்ளன. முதுகலை மாணவியரை ஆண்டுதோறும் அங்கு அழைத்துச் செல்வது என் வழக்கம். நான்காண்டுகளுக்கு முன் ஒருநாள், கல்வெட்டுகளைப் பார்த்துவிட்டு இறங்கும்போது காலடிக் கல் புரண்டது. வலது கணுக்கால் முறிந்தது. மாணவியரே முதுகிலும் தோளிலுமாகச் சுமந்து இறக்கினார்கள்.

மாவுக்கட்டுப் பிரித்த பின் எனக்குப் பயிற்சி அளித்தவர் இயன்முறை மருத்துவம் பயின்ற இளம்பெண் ஒருவர். "அம்மா, படி ஏறுவதை நீங்களே பழகிக்கொள்வீர்கள். இறங்குவதைத்தான் நான் சொல்லித்தரவேண்டும்" என்றார். ஏறும்போது நல்ல காலை முன்னே வைக்கவேண்டும். இறங்கும்போது நோவுள்ள காலை முன்னே வைக்கவேண்டும். நாற்பது ஆண்டுகளாகப் படி ஏறி இறங்கிய எனக்கு இது புதிய இலக்கணமாக இருந்தது. தன்வினையாக நடந்த நடை, ஒவ்வோர் அடியிலும் எண்ணிச் செய்யும் வினையாயிற்று. பதினான்கு திங்கள் கழித்து மாணவியருடன் மறுபடி ஓவாமலைக்குச் சென்றேன். முன்பு இருபது முறை ஏறிய அப்பாறையை அன்றுதான் முதன்முதல் பார்த்தேன் என்று சொன்னால் மிகையாகாது. எந்தக் கல் அமர்ந்திருக்கிறது, எது ஆடுகிறது, எங்கே கையூன்ற இடமுண்டு என்று கால் கேட்டுக்கொண்டே சென்றது. எனக்கு முன்னே நடந்த மாணவி ஒவ்வோரிடத்திலும் திரும்பி நின்று, "அம்மா, இந்தக் கல் ஆடும், இடப்பக்கம் வாருங்கள்" என்று சொல்லிக்கொண்டே வந்தாள்.

அந்தக் குரலைக் கேட்டபோது எனக்கு மலைபடுகடாம் நினைவுக்கு வந்தது.

மலைபடுகடாம் சொல்லும் முறை

பத்துப்பாட்டில் இறுதியாக வைக்கப்பட்ட நூல் அது. கூத்தராற்றுப்படை என்ற பெயரும் அதற்கு உண்டு. 583 அடிகளில், நன்னனிடம் பரிசில் பெற்று மீண்ட கூத்தன் ஒருவன், எதிர்வந்த கூத்தர் சுற்றத்தாரை அவனிடம் ஆற்றுப்படுத்துகின்றான். நாம் வகுப்பில் நன்னனின் கொடையையும் அவனது நவிரமலையின் வளத்தையும் எடுத்துச் சொல்லி மதிப்பெண் வாங்கித் தருகிறோம். ஆனால் பெருங்கௌசிகனார் அந்நூலில் வழியின் இடர்களுக்கு எவ்வளவு இடம் தருகின்றார் என்று பாருங்கள். பன்றிக்கு வைத்த பொறி எங்கே இருக்கும், பாம்பு எங்கே கிடக்கும், புனம் காப்போர் எறியும் கவண்கல் எங்கிருந்து வரும், கால் வழுக்கும் இடம் எது என்று ஒவ்வொன்றாகச் சொல்லித் தருகின்றான் அந்தக் கூத்தன்.

'நான் கடந்துவிட்டேன், உங்களால் முடியாதா?' என்று அவன் கேட்கவில்லை. வழியைச் சொல்கின்றான். ஆற்றுப்படை என்னும் இலக்கிய வகைக்கு இதுவே அடிப்படை. சென்று மீண்டவன் செல்லவிருப்பவனிடம் பேசுகின்றான். பெற்ற வளத்தையும் பட்ட இடரையும் ஒருங்கே பேசுகின்றான். முறிவுக்குப் பின் மலைக்குத் திரும்பியோரைப் பாட நம்மிடம் இரண்டாயிரம் ஆண்டுப் பழமையான ஒரு முறையே இருக்கிறது. நாம் அதைப் பாடப்புத்தகத்தில் விட்டுவிட்டு, மேடைக்கு ஊக்கமொழியை எடுத்து வந்துவிட்டோம்.

ஸ்காட்டின் முழங்கால்கள் ஓர் ஆற்றுப்படை சொல்லும். ஹெரின் பட்டறை ஒன்று சொல்லும். உச்சியருகே திரும்பி இறங்கிய சியாவின் 2016ஆம் ஆண்டு ஒன்று சொல்லும். அவற்றைக் கேட்டு எழுதுகின்ற கவிதைக்கு ஓசை சற்றுக் குறையலாம், பொருள் குறையாது.

கவிஞர்களிடம் இரண்டு வேண்டுகோள்

காலையில் பாடிய அந்த மூன்று கவிஞர்களும் எனக்கு நெடுநாள் நண்பர்கள். உரிமையோடு கேட்கிறேன். அக்கவிதைகளை மறுபடி எழுதுங்கள். இம்முறை அவருக்கு ஒரு பெயர் இருக்கட்டும். ஏறிய மலைக்கு ஒரு பெயர் இருக்கட்டும். எந்தக் கால், எந்த இடத்தில், யார் தாங்கிப் பிடித்தார் என்பது இருக்கட்டும். அவர் இறங்கி வந்ததையும் எழுதுங்கள். தேடச் சென்று திரும்பாத ஒருவர் இருந்தால் அவர்க்கும் ஓர் அடி ஒதுக்குங்கள்.

இரண்டாவது வேண்டுகோள் நம் வட்டத்துக்கு. தொடக்க ஆண்டுகளில் இங்கு எழுதியோர் சிலர் இன்று எழுதுவதில்லை. நோயால் நிறுத்தியவர் உண்டு. வீட்டில் நேர்ந்த இழப்பால் நிறுத்தியவர் உண்டு. காரணம் சொல்லாமல் நின்றுபோனவரும் உண்டு. அவர்களுள் ஒருவர் மீண்டும் நான்கு வரிகளோடு வந்து நம்முன் அமரும் நாளில், 'பழைய வேகம் இல்லையே' என்று நாம் சொல்லிவிடக்கூடாது. பழைய காலில் அவர் நடந்து வரவில்லை. புதிய நடையைக் கேட்கும் செவி நமக்கு வேண்டும். குறையை எடுத்துச் சொல்வது இவ்வட்டத்தின் மரபு. அதை விடச் சொல்லவில்லை. என் மாணவி செய்ததைப் போல, ஆடுகின்ற கல் எது என்று முன்னே நின்று சொல்லுங்கள் என்றுதான் கேட்கின்றேன்.